ஓடைப் பங்கு

ஊரெல்லாம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் ரொட்டிக்காரர் தூங்கப் போவார். விடிவதற்கு வெகு முன்னாலேயே அடுப்பு அவரை எழுப்பிவிடும். அதனால் அவருடைய இரவு மத்தியானத்தில்தான் வரும். பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், ஜன்னலுக்கு மாவு மூட்டைத் துணியில் தைத்த திரை, திரைக்கு அந்தப்பக்கம் ஓடை. வெயில் திரை வழியாக மங்கி, பழுப்பாக, தலையணைமேல் வந்து உட்காரும். வெளியே ஓடை கல்லில் இடறி, முணுமுணுத்து, சமாதானமாகி, அடுத்த கல்லில் மறுபடி இடறும். அதைக் கேட்டபடியே தலை சாய்த்தால் அடுத்த நொடி ஆள் இங்கே இல்லை.

போகிற இடம்தான் வேடிக்கை. சாயங்காலம் எழுந்து தேநீர்க் குவளையைக் கையில் வாங்கியதும், போய்வந்த கனவை மனைவியிடம் சொல்வார். கல்யாணமான மறுவாரம் தொடங்கிய பழக்கம். ஒருநாள் அவர் ஓடையை முழம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் நீளம் போதாதென்று சண்டைக்கு வந்தார். இன்னொரு நாள் வீட்டுக் கதவுகளெல்லாம் மாவாகிப் பொங்கிவிட்டதால் எந்த அறைக்குள்ளும் நுழைய முடியவில்லை. செத்துப் பல வருஷமான பெரியப்பா ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து பொத்தான் என்ன விலை என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அவரே ஒரு படியாகிவிட்டார்.

"அப்புறம்?" என்பாள் மனைவி.

"அப்புறம் என்ன, முழிச்சுட்டேன்."

அவர் கனவுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. அவளும் பாதிக் காதோடுதான் கேட்பாள். மடியில் எப்போதும் ஏதாவது ஒரு மோட்டார் இருக்கும். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவள் தொழில். வீட்டு முன்னறைதான் கடை. ஊரே அவளை மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாளென்றால், உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். "சத்தம்னா நஷ்டம்" என்பது அவள் வேதவாக்கு. நல்ல எந்திரம் சத்தம் போடாது; சத்தம் போட்டால் எங்கேயோ எதுவோ வீணாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வேதவாக்கை அவள் எந்திரங்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அவர்கள் தெரு மலைச்சரிவில், மின்கம்பி முடிகிற இடத்தில் இருந்தது. கீழே ஊரெல்லாம் தின்று மிச்சமான மின்சாரம் நொண்டி நொண்டி மேலே ஏறி வரும். சில நாள் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். அந்த நொண்டி மின்சாரத்தில் மோட்டார்கள் கருகின, மோட்டார்கள் கருகியதால் அவளுக்குப் பிழைப்பு நடந்தது. அப்படிப்பட்டவள், நமக்கு நாமே ஓடையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியபோது அவள் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "நுனிமரத்துல உக்காந்துக்கிட்டு அடிமரத்தை வெட்டறியே, உனக்கு மூளை இருக்கா?" என்றான். அண்ணனுக்குத் தெருக்கோடியில் தச்சுப் பட்டறை. மின்சாரம் இல்லாத நாளில் அங்கே ரம்பம் ஓடாது. ஆனால் அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டால் ரம்பம் இல்லாத குறை யாருக்கும் தெரியாது.

அவள் கிளம்பியதற்குக் காரணம் கணவரின் வலது தோள். ரொட்டி மாவைப் பிசைகிற எந்திரம் ஒன்று அவர் ரொட்டிக்கடையில் இருந்தது. நொண்டி மின்சாரத்தில் அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு முனகி நின்றுவிடும். ஆகவே அவர் கையால்தான் பிசைந்தார். அந்தத் தோள் கடைசியில் தலைசீவக்கூட உயர மறுத்தது. தினமும் அவள்தான் சட்டைக் கையைப் பிடித்து மாட்டிவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வலியெல்லாம் இல்ல, சும்மா சோம்பல்" என்று சிரிப்பார். ஒருநாள் சட்டையை மாட்டிவிட்டவள் அப்படியே ஓடைக்கரையில் ஏறி மேலே போனாள்.

தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்று அளப்பதுதான் முதல் வேலை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவளும் மறு முனையை அண்ணனும் பிடித்துக்கொண்டு, சரிவில் படிப்படியாக இறங்கினார்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் போதும், மலையே ஒரு முழம் வளர்ந்துவிடும். இரண்டு தரம் வளர்ந்தது. மூன்றாம் தரம் குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றி, சரியான இறக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். மேலே ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவு சுவர் எழுப்பி, அதிலிருந்து தண்ணீரைப் பெரிய குழாயில் இறக்கி, கீழே தகரக் கொட்டகைக்குள் பழைய பம்பு ஒன்றில் பாயவிட்டார்கள். சாதாரணமாகப் பம்பு தண்ணீரைத் தள்ளும். இங்கே தண்ணீர் பம்பைத் தள்ளியது. அதன் அச்சோடு அவள் பெல்ட் போட்டு மாட்டிய மோட்டார் மின்சாரம் வாங்குவதற்குப் பதில் மின்சாரம் கொடுத்தது. அந்தத் தகரக் கொட்டகைக்குத் தெருவே சேர்ந்து பவர் ஹவுஸ் என்று பேர் வைத்தது.

வேலையைப் பார்வையிட வந்த பொறியாளர் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். "ஓடையை முழுசா விழுங்கிடாதீங்கம்மா. சுவருக்கும் பவர் ஹவுஸுக்கும் நடுவுல ஓடை வறண்டு போயிடும். ஓடைக்குன்னு ஒரு பங்கு விட்டே ஆகணும்." அதனால் சுவரில் ஒரு வாய் வைத்து, அதில் ஏற்றி இறக்கும்படி ஒரு பலகை போட்டு, அந்த வழியாகக் கொஞ்சம் தண்ணீரை விட்டார்கள். ஓடைப் பங்கு என்று அதற்குப் பேர். இவர்கள் வீடு அந்த நடுவில்தான் இருந்தது.

இங்கேதான் மோட்டாரம்மா அந்தத் தப்பைச் செய்தாள். ஆசையாகச் செய்தாள். ஓடைப் பங்கு பின்னறை ஜன்னலுக்கடியில் கல்லில் மோதி வீணாய்ச் சத்தம் போடுகிறதே, மனுஷன் தூங்குகிற இடமாயிற்றே என்று, அந்த வளைவில் கிடந்த கற்களையெல்லாம் பொறுக்கி ஓரமாகக் குவித்தாள். சிமெண்ட் குழைத்து, கையாலேயே தடவித் தடவி, எண்ணெய் பூசினாற்போல் ஒரு கால்வாய் போட்டாள். தண்ணீர் அதில் நழுவிப் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு, காதுக்கு எட்டாது. கணவரைக் கூட்டிவந்து காட்டினாள்.

"எப்படி?"

"அடேயப்பா," என்றார் அவர். "கண்ணாடி மாதிரி இருக்கே."

"இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

"தூங்கறேன்," என்றார்.

மின்சாரம் வந்தது. பிசைகிற எந்திரம் முனகாமல் சுற்றியது. மருந்துக்கடைக் குளிர்பெட்டி நிற்காமல் ஓடியது, பட்டறையில் ரம்பம் நாள் முழுக்கப் பாடியது. மாதங்கள் போகப்போகத் தோள் இளகி, ஒருநாள் ரொட்டிக்காரர் தன் தலையைத் தானே சீவிக்கொண்டு வந்து நின்றார். வகிடு கோணல்தான். அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

கனவுகளும் அமோகமாக வந்தன. முன்பெல்லாம் தலைவால் தெரியாமல் வந்தவை இப்போது ஜோடித்துக்கொண்டு வந்தன. இருட்டான ஊர், நடுவில் ஒரு பாலம், பாலத்தின்மேல் அவள் ஒரு விளக்கோடு நடக்கிறாள், அவள் கால் பட்ட இடமெல்லாம் வெளிச்சமாகிறது, கடைசியில் ஊரே கைதட்டுகிறது. இன்னொரு நாள், நட்சத்திரங்களெல்லாம் அவள் கடைக்கு ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. அவள் ஒவ்வொன்றுக்கும் கம்பி சுற்றி அனுப்ப, வானம் சரியாகிறது. அவள் மடியிலிருந்த மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு முழுக் காதோடு கேட்டாள். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

அந்த நாட்களில் அவர் முன்கையில் ஒரு தீக்காயம் ஏற்பட்டது. தட்டு வழுக்கிவிட்டது என்றார். பத்து நாள் கழித்து அதே கையில் இன்னொன்று. அதற்கும் தட்டுதான் காரணம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அடுப்புப் புகை என்றார். அவளும் நம்பினாள். நம்புகிறவளுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாது, என்ன செய்வது.

ஒரு மத்தியானம் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓடுகிற பெல்ட் அறுந்துவிட்டது. வேறு பெல்ட் எடுக்க அவள் வீட்டுக்கு வந்தாள். தூங்குகிறவரை எழுப்பவேண்டாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக நடந்தாள். ஜன்னல் திரை ஒரு விரல்கடை விலகியிருந்தது. உள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டது.

ரொட்டிக்காரர் மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாலம் வேண்டாம். பாலம் அன்னைக்கே சொல்லியாச்சு. கப்பல்னு வெச்சுக்கலாம். கப்பல்ல விளக்கு இல்ல... இல்ல, விளக்கும் வேண்டாம், நெறைய ஆயிடுச்சு. கப்பல் தரை தட்டிடுச்சு. அவ வந்து... அவ வந்து என்ன பண்ணறா?" கொட்டாவி ஒன்று வந்து அவரை உலுக்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அவ வந்து காதை வெச்சுக் கேக்கறா. எங்க தட்டியிருக்குன்னு கண்டுபிடிச்சுடறா. ஆமா. அது நல்லா இருக்கும். அது அவளுக்குப் பிடிக்கும்."

அவள் கையில் செருப்போடு நின்றாள். முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதி வழியில் எங்கேயோ போய்விட்டது.

பெல்ட்டை எடுத்துக்கொண்டு அவள் திரும்பிப் போனாள், மாட்டினாள், ஓடவிட்டாள். கை தானாக வேலை செய்தது. மனசு முழுக்க அந்த ஜன்னலிலேயே நின்றது. பதினெட்டு வருஷக் கனவுகளை யோசித்துப் பார்த்தாள். அவர் நிஜமாகக் கண்ட கனவுகளில் அவளுக்கு ஒரு நல்ல வேஷமும் கிடைத்ததே இல்லை. ஒரு தரம் சில்லறை இல்லாத பஸ் கண்டக்டராக வந்தாள். ஒரு தரம் மடக்கிவைத்த குடையாக வந்தாள், அந்தக் குடை அவள்தான் என்று அவருக்கு எப்படியோ தெரிந்ததாம். அவள் அவளாகவே வந்து, ஊர் கைதட்டி, கதை முடிந்தும் போகிற கனவெல்லாம் இந்த ஓடை மின்சாரத்துக்கு அப்புறம் வந்தவைதான். பேரிங் தேய்ந்ததைக் காதால் கண்டுபிடிக்கிறவளுக்கு இது காதில் விழவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் அவர் குவளையை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒரு கப்பல் வந்துச்சு," என்று ஆரம்பித்தார்.

அவள் "உம்" கொட்டினாள். கப்பல் தரை தட்டியது. மாலுமிகள் கையைப் பிசைந்தார்கள். அவள் வந்தாள், காதை வைத்துக் கேட்டாள். சொல்லும்போது அவர் கண் சிவந்து, இமை தானாகக் கீழே இறங்கி இறங்கி ஏறியது. ஆனாலும் ஒரு இடத்திலும் கதையைத் தவறவிடவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டாள். வேறென்ன கேட்பாள்.

"அப்புறம் கப்பல் கெளம்பிடுச்சு," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்தபடி.

மறுநாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரம், அவள் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துப் பார்த்தாள். திரையில் வெயில் பழையபடிதான் இருந்தது. ஜன்னலுக்கடியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது போவதே தெரியவில்லை. அந்த இடம் காலியாகக் கிடந்ததால் ஊரிலுள்ள சத்தமெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ வாளியை வைத்தார்கள். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தெருக்கோடியிலிருந்து ரம்பம். மரத்தில் இறங்கும்போது ஒரு கீச்சு, வெளியே வரும்போது ஒரு கீச்சு, நடுவில் அடுத்தது எப்போது என்று காத்திருக்கிற நேரம். அவள் எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவர் இங்கே படுத்துக்கொண்டு, அவள் மின்சாரத்தில் ஓடுகிற ரம்பத்தைக் கேட்டுக்கொண்டு, அவளுக்காகக் கனவு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சரியாகத் தூங்காத ஆள் தினமும் விடிகாலையில் போய்க் கொதிக்கிற அடுப்பின் முன்னால் நிற்கிறார். மூன்றாவது காயம் முன்கையோடு நிற்கும் என்று யார் கண்டது?

நேரே பட்டறைக்குப் போனாள். அண்ணன் ஒரு பலகையை ரம்பத்தில் தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அண்ணே, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரம்பத்தை ஓட்டாதே. சாயங்காலம் வரைக்கும்."

"ஏன், பம்புக்கு என்ன ஆச்சு?"

"பம்பு நல்லாத்தான் இருக்கு. அந்த நேரத்துல ஓடைக்குத் தண்ணி ஜாஸ்தி விடணும். விட்டா ரம்பம் ஓடற அளவுக்கு மின்சாரம் வராது. ஃபேனு, குளிர்பெட்டி மட்டும் ஓடும்."

"ஓடைக்குத்தான் பங்கு குடுத்தாச்சே."

"அது பத்தல."

"யாருக்குப் பத்தல? மீன் வந்து உங்கிட்ட மனு குடுத்துச்சா?" என்றான் அண்ணன். "நல்லா இருக்கே நியாயம். அந்தக் குழாயைச் சுமந்த தோள் எனக்கு இன்னும் வலிக்குது. ஆறு கதவுக்கு ஆர்டர் வாங்கி வெச்சிருக்கேன். இப்ப வந்து நிறுத்துங்கறே. பந்தியில உக்கார வெச்சுட்டு இலையை உருவற மாதிரி இல்ல இருக்கு?"

பேரிங் சூடாகிறது, கொஞ்சம் ஆறவிடணும் என்று ஒரு பொய்யை அவள் வழிநெடுக ஜோடித்துக்கொண்டு வந்திருந்தாள். இவனிடம் சின்ன வயசிலிருந்தே அவளுக்குப் பொய் வராது.

"அவர் தூங்கறதே இல்ல, அண்ணே."

"யாரு, மாப்பிள்ளையா? இன்னைக்குக் காலைலகூடக் கடையில பார்த்தேனே. கப்பல் கனவு வந்துச்சுன்னாரே."

"அது கனவு இல்ல. கட்டினது. முழிச்சுப் படுத்துக்கிட்டுக் கட்டறார். என் மின்சாரத்தால தூக்கம் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா நான் மனசொடிஞ்சு போயிடுவேனாம். அதுக்காக." அவள் குரல் உடைந்தது. "நான்தான் அண்ணே ஜன்னலுக்குக் கீழே சிமெண்ட் பூசினேன். நிம்மதியாத் தூங்குங்கன்னு வேற சொன்னேன்."

அண்ணன் ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த மரத்தூளை ஊதினான், மறுபடி ஊதினான்.

"ரெண்டு காயம் பட்டிருக்குல்ல கையில," என்றான் கடைசியில்.

"பார்த்தியா நீ?"

"பார்த்தேன். தட்டு வழுக்கிச்சுன்னார்." பலகையைத் தூக்கி ஓரமாகச் சாத்தினான். "சரி போ. அறுக்கறதைக் காலைல முடிச்சுக்கறேன். மத்தியானம் உக்காந்து கையால இழைக்கறேன், இழைப்புளி ஒண்ணும் பெரிசா கத்தாது. ஆனா உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாதே. மத்தியானம் ரம்பம் ஓடலைன்னா சும்மாதானே இருக்கேன்னு கடைக்கு அனுப்பிடுவா."

அவள் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். தன் கையால் பூசியதைத் தன் கையாலேயே பெயர்க்கிற வேலை எவ்வளவு கசப்பு என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல பூச்சு; சுலபத்தில் விடவில்லை. பாதி பெயர்ந்திருந்தபோது ரொட்டிக்காரர் கடையிலிருந்து வந்து கரையில் நின்றார். தலைமுடியெல்லாம் மாவு.

"ஏன் உடைக்கறே? எவ்வளவு அழகாப் பூசினே!"

"உள்ள ஒழுகுது," என்றாள் நிமிராமல்.

"அப்ப மறுபடி பூசணுமா?"

"பார்க்கலாம். அவசரமில்ல."

ஏதோ கேட்க வாயெடுத்தவர், கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஓரத்தில் குவித்த கற்களை அவள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தட்டையான ஒன்றை வைத்தாள். தண்ணீர் அதன்மேல் பேசாமல் ஏறிப் போய்விட்டது. எடுத்துவிட்டுக் கூரானதை வைத்தாள், சளசளவென்று வாயாடியது. கூரானதுக்குப் பின்னால் ஒரு உருண்டையை வைத்தபோது தண்ணீர் விழுந்து, திரும்பி, தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டது. அவள் கணுக்கால் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டாள். பிழைப்பு முழுக்கச் சத்தத்தைத் தேடிப் பிடித்து ஒழித்தவள், இப்போது ஒரு சத்தத்தை உட்காரவைக்கப் படாதபாடு பட்டாள். பொழுது சாய்ந்தது. ஒரு கல்லை விரலகலம் நகர்த்த வேண்டுமா வேண்டாமா என்று அவள் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். கனவில் இருப்பதுபோலத்தான் இருந்தது அவளுக்கு; வலித்துக்கொண்டிருந்த இடுப்பு மட்டும் நிஜம்.

அடுத்த நாள் சாப்பாடு ஆனதும் ரம்பம் நின்றது. அவள் மேலே சுவருக்கு ஏறிப் போய், அதன் வாயில் போட்டிருந்த பலகையைப் பிடித்துத் தூக்கினாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு புரண்டு இறங்கியது. கீழே பாதி காய்ந்து கிடந்த படுகையில் அதன் முனை இலைகளையும் சுள்ளிகளையும் தள்ளிக்கொண்டு முன்னால் போக, அவள் கரையில் கூடவே நடந்தாள். சில இடத்தில் தண்ணீர் முந்தியது. பள்ளங்களில் நின்று நிரம்புகிறபோது அவள் முந்தினாள். வெயிலில் காய்ந்திருந்த கற்கள் நனைந்து ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தன. யாரும் எதிரே வரவில்லை. வழி தெரிந்த ஒரு பிராணியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறாற்போல இருந்தது. வீட்டு வளைவு வந்ததும் தண்ணீர் அவளை விட்டுவிட்டு முன்னே ஓடி, அந்தக் கூரான கல்லில் இடறியது. முணுமுணுத்தது. உருண்டையைச் சுற்றிக்கொண்டு சமாதானமாகி, அடுத்ததில் இடறியது.

அவள் ஜன்னலுக்கடியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பேச்சுக்குரல் வருகிறதா என்று காது கொடுத்தாள். ஓடைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை.

சாயங்காலத் தேநீர் ஆறிப்போனது. இரண்டாவது தரம் போட்டதும் ஆறியது. மூன்றாவதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். ரொட்டிக்காரர் குப்புறப் படுத்து, வாய் திறந்து, தலையணையில் எச்சில் ஒழுக, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தார். கல்யாணமான புதிதில் பார்த்தபோது இதைவிட அழகாக இருந்தாரா என்பது சந்தேகம்தான். தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். அவள் குவளையைக் கையில் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். தேடிப் பார்க்கிறாற்போல் கூரையைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னைக்கு ஒண்ணும் வரல," என்றார். ஒரு தட்டு நிறைய ரொட்டியைக் கருகவிட்டவர்போல முகம். "சும்மா கட்டை மாதிரி தூங்கிட்டேன். கனவு வந்துச்சா வரலையான்னே தெரியல."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

"ஏய், என்ன இது? கனவு வரலைன்னா அழுவாங்களா? நாளைக்கு வரும்."

"வரலைன்னா வரலைன்னே சொல்லுங்க," என்றாள். "நாளைக்கும் வரலைன்னாலும் அப்படியே சொல்லுங்க. எனக்கு அது போதும்."

குவளை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தத்தை அப்போதுதான் கேட்கிறவர்போலக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குவளையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, குற்றவாளியைப்போல அவள் பக்கமாக நகர்ந்தார்.

"எவ்வளவு கஷ்டம் தெரியுமா," என்றார், "தெனம் ஒண்ணு கட்டறது?"